தேரிமங்கலத்தில் நோயாளிகள் இல்லை

சட்டப்பேரவையில் ஒரு உறுப்பினருக்குப் பேசக் கிடைப்பது எட்டு நிமிடம். அதை எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். முதலில் முதல்வர். பிறகு முதல்வரின் தந்தையார், தாயார், அவர் பிறந்த ஊர், அந்த ஊரின் மண். அதற்குப் பிறகு மறுபடியும் முதல்வர். மணி அடித்து, பேரவைத் தலைவர் "முடியுங்கள், முடியுங்கள்" என்று கையைக் காட்டும்போது, மிச்சமிருக்கிற மூச்சில் "என் தொகுதிக்கு ஒரு பாலம்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

தேரிமங்கலம் தொகுதி உறுப்பினர் பால்வண்ணன் இதில் கரைகண்டவர். தலைவர் வந்து சேர்கிற வரைக்கும் கூட்டம் கலையாமல் பிடித்து வைப்பதற்கென்று கட்சியில் ஒரு பேச்சாளர் இருப்பார் அல்லவா, முப்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் அவர். தலைவரின் கார் வழியில் நின்றுவிட்டது என்று சீட்டு வந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் புகழ்வார், ஒரு உவமை இரண்டாம் முறை வராது. தொகுதி அவருக்குக் கிடைத்ததே அந்த நாக்கினால்தான்.

அதற்காக அவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று நினைத்துவிடக் கூடாது. தொகுதிக்காரர்களுக்காக ஓடுகிற மனிதர். சாவு வீட்டுக்குப் போனால் மாலையை வைத்துவிட்டுத் திரும்பாமல் தகனம் முடிகிற வரை நிற்பார். தேரிமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு டயாலிசிஸ் மெஷின்களும் அவர் கொண்டுவந்தவைதான். செந்நிறத் தேரி மண்ணும் உப்புத் தண்ணீருமான அந்தப் பக்கத்தில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அவர்களுக்காகப் போன ஆட்சிக் காலத்தில் கோட்டையின் தாழ்வாரங்களில் நடந்து, அமைச்சர்களின் அறை வாசலில் நின்று, ஒரு பி.ஏ.வின் மகள் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறி வாங்கி வந்த மெஷின்கள் அவை.

அந்த நடையெல்லாம் இனி வேண்டாம் என்றுதான் செவி வந்தது.

அவையில் பேசுவதைக் கேட்டு வேலை செய்கிற அந்த மெஷினுக்கு அரசாங்கம் வைத்த பெயர் வேறு, நீளமானது. எல்லாரும் செவி என்றே சொன்னார்கள். உறுப்பினர்களுக்கு அதை விளக்க மகிழ்நிலா என்ற இளம் அதிகாரி வந்தாள்.

"இனிமே மனு வேண்டாம், ஃபைல் வேண்டாம், யார் வாசல்லயும் நிக்க வேண்டாம்" என்றாள் அவள். "அவையில நீங்க உங்க தொகுதியைப் பத்தி என்ன சொல்றீங்களோ அதுதான் தொகுதியோட நிலைமை. செவி அதைக் கேட்கும், உண்மைன்னு எடுத்துக்கும், அன்னிக்கே வேலையைத் தொடங்கிடும். லாரி கிளம்புறதுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்."

"எல்லாத்தையுமே உண்மைன்னு எடுத்துக்குமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"மக்கள் பிரதிநிதி சபையில பொய் சொல்வாரா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

செவி ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே பால்வண்ணனுக்கு வாய்ப்பு வந்தது. நான்கு மெஷினை எட்டாக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றைக்கு முதல்வர் அவையில் இருந்தார், பால்வண்ணனின் தொண்டையும் தெளிவாக இருந்தது.

"எங்கள் வான்முகிலாம் முதல்வரின் பொற்காலத்திலே தேரிமங்கலத்தில் நோயாளி என்று ஒருவர்கூட இல்லை" என்று ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரிக் கட்டில்கள் படுக்க ஆள் இல்லாமல் ஏங்குகின்றன. டாக்டர்கள் பொழுது போகாமல் பல்லாங்குழி ஆடுகிறார்கள். டயாலிசிஸ் மெஷின்களிலே, பேரவைத் தலைவர் அவர்களே, குருவிகள் கூடு கட்டியிருக்கின்றன."

மேசைகள் அதிர்ந்தன. முதல்வர் சிரித்தார். முதல்வர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் குருவியிலிருந்து மயிலுக்கும் மயிலிலிருந்து முருகனுக்கும் போனவர், மணி அடித்ததும் உட்கார்ந்துவிட்டார். மெஷின் விஷயம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. சரி, அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

மறுநாள் ஆளில்லாத லாரி ஒன்று தேரிமங்கலம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து நான்கு மெஷின்களையும் ஏற்றிக்கொண்டு போனது. டாக்டர்களுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. குருவிக் கூடுகளுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்ள வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து, கூட்டைத் தேடித் தேடிக் களைத்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மெஷின்கள் போய்ச் சேர்ந்த இடம் டெல்டாப் பக்கத்தில் ஒரு எதிர்க்கட்சித் தொகுதி. அந்த உறுப்பினர் உத்திராபதி, எதிர்க்கட்சிக்காரர் பேச வேண்டிய முறைப்படி, "என் தொகுதியில் வீட்டுக்கு வீடு நோய், தெருவுக்குத் தெரு பிணம், ஊரே சுடுகாடு" என்று முழங்கியிருந்தார். செவி அவருக்கு நான்கு மெஷின்களோடு பதினோரு மின்மயானங்களையும் அனுப்பி வைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, பஸ் நிலையத்துக்குள் ஒன்று என்று கட்டுமானம் தொடங்கிவிட்டதால், உத்திராபதி சொந்த ஊருக்குப் போக முடியாமல் எம்.எல்.ஏ. விடுதியிலேயே தங்கியிருந்தார்.

அந்த விடுதிக்குத்தான் எஸ்தர் வந்தாள்.

எஸ்தர் தேரிமங்கலம் பணிமனையில் கண்டக்டர். பஸ்ஸை ஓட்ட ஆள் வேண்டாம் என்றாகிப் பல காலம் ஆயிற்று. ஆனால் டிக்கெட் கொடுக்கவும் படியில் நிற்பவனை உள்ளே தள்ளவும் இன்னும் ஆள் வேண்டியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில், மற்ற நாளெல்லாம் பஸ் என்று ஓட்டிக்கொண்டிருந்தவள். அவள் முகம் வீங்கி, கண் இரண்டும் சிறுத்து, செருப்பு கொள்ளாத காலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் பால்வண்ணன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க பேசுனத டிவில பாத்தேன் அண்ணாச்சி" என்றாள். "நல்லாத்தான் பேசுனிய. நோயாளியே இல்லன்னு சொன்னியளே, அப்ப நான் யாரு?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா."

"பேச்சுக்குச் சொன்னத லாரி எப்படி அண்ணாச்சி நிசமா தூக்கிட்டுப் போச்சு?"

பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்குமா என்று கேட்டார்.

"அங்கனயும் வரிசை. ரெண்டு தரம் விட்டுப் போச்சு. மூணாவது தரமும் விட்டா தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. என்னை மாதிரி இன்னும் அம்பது அறுபது பேரு கெடக்காவ. நான்தான் கொஞ்சம் நடக்க முடியுதுன்னு வந்தேன்."

பால்வண்ணன் அவளைத் தன் அறையில் படுக்கச் சொல்லிவிட்டு, மகிழ்நிலாவைப் பார்க்க ஓடினார்.

மகிழ்நிலா அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். அவர் முதல் ஆள் இல்லை என்று அந்தப் பொறுமையிலேயே தெரிந்தது.

"உங்க கட்சியிலயே நாலஞ்சு பேர் வந்துட்டாங்க சார். ஒருத்தர் எங்க ஊர்ல பால் ஆறா ஓடுதுன்னார், பால் சொசைட்டியை மூடிட்டாங்க. ஒருத்தர் இருட்டே இல்லன்னார், தெருவிளக்கைக் கழட்டிட்டாங்க."

"ஏம்மா, புகழ்ச்சின்னா கொஞ்சம் கூடக்குறைய இருக்கத்தானே செய்யும்? இவ்வளவு படிச்சவங்க செஞ்ச மெஷினுக்கு அது தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சிருந்தது சார்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மிகையைக் கழிச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்கிற மாதிரிதான் முதல்ல செஞ்சோம். சோதனை பண்ணிப் பார்த்தப்ப, முதல்வரைப் பத்தி உறுப்பினர்கள் சொன்னதுல பெரும்பகுதியை மிகைன்னு கழிச்சிடுச்சு. உறுப்பினர் குழு அதைப் பார்த்துக் கொதிச்சுப் போயிட்டாங்க. தலைவரோட புகழை மிகைன்னு சொல்ல மெஷினுக்கு என்ன அருகதைன்னு கேட்டு, அந்தப் பகுதியையே எடுக்கச் சொல்லிட்டாங்க. குழுவுல நீங்களும் இருந்தீங்க."

இருந்தார். மேசையை ஓங்கித் தட்டியதுகூட அவர்தான்.

"இப்ப என்னம்மா வழி?"

"நீங்க சொன்னதை நீங்கதான் மாத்திச் சொல்லணும், அதுவும் சபையில. நேராச் சொல்லுங்க. என் தொகுதியில நோயாளிகள் இருக்காங்க, மெஷின் வேணும். அது போதும். பேரவைத் தலைவர் அதை அவைக்குறிப்புல இருந்து நீக்காம இருந்தா, சாயங்காலம் லாரி கிளம்பிடும்."

"நீக்கிட்டா?"

"நீக்கினது செவிக்குக் கேட்காது. ஆனா நீக்குவார்னு ஏன் நினைக்கிறீங்க? சொல்லிப் பாருங்க சார்."

கட்சிக் கொறடா திருமேனியிடம் போய் நேரம் கேட்டார். திருமேனி காது குடைந்தபடியே பேசுகிற ஆள்.

"நோயாளி இருக்கான்னு சொல்லப் போறியா? யார் ஆட்சியில?" என்றார். "போன வாரம் ஒருத்தரும் இல்லன்ன. இந்த வாரம் இருக்கான்னா, ஒரு வாரத்துல ஆட்சி கெட்டுப்போச்சுன்னு ஆகுதா இல்லியா? பாலு, உனக்கு அடுத்த தேர்தல்ல நிக்கணும்னு ஆசை இருக்கா இல்லியா, அதை மட்டும் சொல்லு."

"ஒரு பொம்பளைப்புள்ள என் ரூம்ல கெடக்கா அண்ணே. செத்துப்போவா."

திருமேனி குடைவதை நிறுத்தினார். அவருக்கும் தொகுதி இருந்தது. தெருவிளக்குப் போனது அவருடைய ஊரில்தான்.

"நேரம் தாரேன்" என்றார் கடைசியில். "என்ன பேசணுங்கறத நீயே முடிவு பண்ணிக்கோ. நான் கேட்ட மாதிரி காட்டிக்க மாட்டேன்."

எஸ்தர் அவருக்குப் பாடம் நடத்தினாள். கட்டிலில் சாய்ந்தபடி, "சொல்லுங்க பாப்போம்" என்பாள். அவர் எழுந்து நின்று, "கடலலைகள் ஓய்ந்தாலும் கருணை ஓயாத..." என்று தொடங்குவார். அவள் பஸ்ஸில் விசில் ஊதுவது போல உதட்டைக் குவித்து ஊதுவாள். அவர் நிறுத்துவார்.

"ரெண்டே வரி அண்ணாச்சி. எங்க ஊர்ல நோயாளி இருக்காவ. மெஷினைத் திருப்பிக் குடுங்க. இதுக்கு எதுக்குக் கடல்?"

"பழக்கம்மா. ஆரம்பிச்சா தானா வருது."

"எனக்கும் பஸ்ஸுல ஏறுனா 'உள்ள போ'ன்னு தானா வரும். கல்யாண வீட்டுல போய் அப்படியா சொல்லுதேன்?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு அந்த இரண்டு வரியை, குழந்தை மாதிரி, திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது அழகாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் பேசியதில் இவ்வளவு சின்னதாக எதையும் பேசியதில்லை என்று நினைத்துக்கொண்டார். நிச்சயமாகச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியமும் செய்து கொடுத்தார். மனதார.

மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை அன்று. முதல்வர் வந்திருந்தார். பார்வையாளர் மாடத்தில் எஸ்தர், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால்வண்ணன் பெயர் கூப்பிட்டதும் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எந்த முன்னுரையும் இல்லாமல், "பேரவைத் தலைவர் அவர்களே, தேரிமங்கலத்தில் நோயாளிகள்..." என்றார்.

அவை அடங்கியது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் முதல்வரைச் சொல்லாமல் வாயைத் திறப்பதை அந்தக் கூடம் பார்த்ததே இல்லை. பேரவைத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, ஒருவேளை ஆவல்கூட இருந்திருக்கலாம். முதல்வர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

இன்னும் ஒரே ஒரு சொல். 'இருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பால்வண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் முதல்வரின் முகம் அவரை நோக்கித் திரும்பி நின்றது. அந்த முகத்தைச் சிரிக்க வைப்பதைத் தவிர அவர் வாழ்நாளில் வேறு தொழில் செய்ததில்லை.

"...முகம் வீங்கி, கால் வீங்கி, சுத்தம் செய்யாத ரத்தம் உடம்பெல்லாம் ஓட, மெஷின் இல்லாத ஆஸ்பத்திரி வாசலிலே நின்றுகொண்டு, அந்த நிலையிலும் இரவும் பகலும் வாய் ஓயாமல் எங்கள் வான்முகிலின் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று முடித்தார்.

மேசைகள் இடிந்து விழாதது ஆச்சரியம். முதல்வர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரவைத் தலைவர் ஒரு எழுத்தைக்கூட நீக்கவில்லை, புகழை நீக்குகிற பேரவைத் தலைவர் இன்னும் பிறக்கவில்லை. அன்று சாயங்காலமே டெல்டாவிலிருந்து லாரி கிளம்பியது. எஸ்தருக்கு மூன்றாவது தரம் விட்டுப் போகவில்லை.

பிறகு பால்வண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "வேணும்னுதான் அப்படிச் சுத்தி வளைச்சேன், நேராச் சொன்னா நீக்கிருப்பாங்கல்லா" என்று விடுதியில் எல்லாரிடமும் சொன்னார். நான்கைந்து முறை சொன்னதும் அவரே நம்பிவிட்டார். கட்சிக்காரர்கள் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வரிசையில் வந்தார்கள். மறுவாரம் திருமேனியே எழுந்து, "விளக்கில்லாத தெருவில் தடுக்கி விழுந்து பல் உடைந்த நிலையிலும் என் தொகுதி மக்கள் தலைவரையே வாழ்த்துகிறார்கள்" என்றார். அந்தக் கூட்டத்தொடர் முழுக்க மாநிலத்தின் பசியும் தாகமும் மாலை போட்டுக்கொண்டு அவைக்கு வந்தன. முதல்வர் நாள்தோறும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டத்தொடர் முடிந்து பால்வண்ணன் ஊருக்குப் போனார். பஸ் நிலையத்தில் வேட்டு வெடித்தார்கள். பொன்னாடை கழுத்து வரை ஏறியது. அவர் எல்லாவற்றையும் பி.ஏ. கையில் கொடுத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். மெஷின்களைக் கண்ணால் பார்க்க ஆசை.

வார்டு வாசலிலேயே சத்தம் கேட்டது. பஜனை மடத்தில் ஆளுக்கொரு பாட்டைப் பாடினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. நான்கு கட்டிலிலும் நான்கு பேர் படுத்திருந்தார்கள், கையில் குழாய், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "வான்முகிலே, வற்றாத கருணையே..." எல்லாம் அவர் சொற்கள். எந்தக் கூட்டத்தில் எப்போது பேசியது என்றுகூடச் சொல்லிவிடுவார்.

"என்ன இது?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"வாய் நின்னா மெஷினும் நிக்குது அண்ணாச்சி. தலைமாட்டுல கேக்குறதுக்கு ஒரு கருவி வச்சு அனுப்பிருக்காவ. கூட வந்தவங்க பாடுனா செல்லாது. அவங்கவங்களே பாடணும். பாவம், வேற ஒண்ணும் தெரியாம உங்க பேச்சைத்தான் மனப்பாடம் பண்ணியிருக்காவ."

அவர் வெளியே வந்து மகிழ்நிலாவுக்குப் போன் போட்டார்.

"தேரிமங்கலத்து நோயாளி யாருன்னு செவிக்கு நீங்கதான் அடையாளம் சொன்னீங்க சார்" என்றாள் அவள். "முகம் வீங்கியிருக்கும், கால் வீங்கியிருக்கும், வாய் ஓயாம புகழ் பாடும். பாடாதவர் நீங்க சொன்ன நோயாளி இல்ல. அவருக்கு மெஷின் கிடையாது."

"இதை மாத்த முடியாதா?"

"மாத்தலாம். என் தொகுதி நோயாளிகள் முதல்வரைப் புகழ்றதில்லன்னு நீங்க சபையில சொல்லணும்."

அவள்தான் முதலில் போனை வைத்தாள்.

அவர் திரும்பி உள்ளே போனார். கடைசிக் கட்டிலில் எஸ்தர். முகத்து வீக்கம் வடிந்து, பழைய எஸ்தராகத் தெரிந்தாள். அவரைப் பார்த்ததும் பாடுவதை நிறுத்தினாள். கோபித்துக்கொள்வாள் என்று அவர் பயந்திருக்க, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"உயிரோட இருக்கேன் அண்ணாச்சி. அதுக்குக் கோடி நன்றி" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. இனிமே பேசும்போது கொஞ்சம் சின்னச் சின்ன வார்த்தையாப் போட்டுப் பேசுங்க. மூச்சு வாங்குது."

தலைமாட்டில் கருவி கீச்சென்றது. மெஷினின் ஓட்டம் தளர்ந்தது. எஸ்தர் அவசரமாக, "கடலலைகள் ஓய்ந்தாலும்..." என்று தொடங்கி, நெற்றியைச் சுருக்கி, நின்றுவிட்டாள். அடுத்தது வரவில்லை. அவரையே பார்த்தாள்.

பால்வண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கருணை ஓயாத" என்று மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தார்.

"கருணை ஓயாத" என்றாள் எஸ்தர்.